நனிசைவமும் ஹலாலும்: பெர்லினில் சில நாட்கள்

வீகன் எனப்படும் நனிசைவ உணவு கிடைக்கும் ஊரில் முஸ்லிமுக்கு உணவுக் கவலையே இல்லை என்று கூறுவோர் பலர். இறைச்சி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை, ஜெலட்டின் இல்லை. பின் ஐயம் எதற்கு? பெர்லின் நகரில் எங்கள் மகளுடன் தங்கியிருந்த நாட்களில் இக்கூற்று பாதியளவே சரி எனக் கண்டோம்.

மகள் ஈராண்டுகளாக இறைச்சி, பால், முட்டை, தேன் யாவற்றையும் விலக்கியிருக்கிறாள். ஊரில் இதனால் சிறு மனத்தாங்கல் உண்டு. "அல்லாஹ் ஹலாலாக்கியதை நீ ஹராமாக்கலாமா?" என்பது அவளுடைய உம்மம்மாவின் கேள்வி. "ஹராம் என்று நான் சொல்லவில்லை உம்மம்மா, உண்ணவில்லை, அவ்வளவுதான்" என்பாள் அவள். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தம் முன் வைக்கப்பட்ட உடும்பு இறைச்சியை உண்ணாது விட்டார்கள். ஆயினும் அதனை ஹராம் என்று கூறவில்லை. அவர்கள் முன்னிலையிலேயே காலித் இப்னு வலீத் (ரலி) அதனை உண்டார்கள். ஒன்றைத் தவிர்ப்பதும் ஒன்றைத் தடுப்பதும் வேறு வேறு என்பது எங்கள் கருத்து.

கடைகளில் மஞ்சள் வட்டத்துள் பச்சை 'வி' பொறித்த முத்திரையைத் தேடினோம். பூச்சியிலிருந்து எடுக்கப்படும் ஈ 120 என்னும் சாயம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரக்கூடிய ஈ 471 ஆகியவை பற்றிய ஐயத்தை அம்முத்திரை தீர்த்துவிடுகிறது. ஆனால் மது விலங்கிலிருந்து வருவதன்று! ஒயினில் வேகவைத்த புளித்த முட்டைக்கோசும், பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறியும் நனிசைவமே, ஹலால் அல்ல. ஆகவே ஒவ்வோர் உணவகத்திலும் "மது சேர்த்ததா?" என்று தனியே வினவினோம். முகம் சுளித்தவர் எவருமில்லை.

வயிறும் மனமும் ஒருங்கே நிறைந்த இடங்கள் கிராய்ட்ஸ்பெர்க், நாய்க்கோல்ன் பகுதிகள். 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் தொழிலாளராக வந்த துருக்கியரின் வழித்தோன்றல்கள் அங்கு நிறைந்து வாழ்கின்றனர். சொன்னனல்லே வீதியில் அரபிகளின் ஃபலாஃபல், கொண்டைக்கடலை ஹும்முஸ். சூடானியர் கடையில் நிலக்கடலைச் சாறு ஊற்றிய ஃபலாஃபல். துருக்கியரின் சீ கெஃப்தே முன்னாளில் பச்சை இறைச்சியால் ஆனது; இன்று கடைகளில் உடைத்த கோதுமை, மிளகாய் விழுது கொண்டு பிசைந்து, மெல்லிய ரொட்டியில் மாதுளைப் பாகும் எலுமிச்சையும் சேர்த்துச் சுருட்டித் தருகின்றனர். பருப்புச் சூப்பில் மட்டும் வெண்ணெய் இருக்கக்கூடும், கேட்டறிதல் நலம்.

ஷெஹித்லிக் பள்ளிவாசலில் ளுஹர் தொழுதோம். அதனை ஒட்டிய துருக்கியர் கபரஸ்தான் 1866 முதல் அங்குள்ளது. வெளியே மர நிழலில் அமர்ந்து சீ கெஃப்தே உண்கையில் மகள் கூறினாள்: "வாப்பா, இந்த ஹஜ்ஜுப் பெருநாளில் என் பெயரிலும் ஒரு குர்பானிப் பங்கு இருக்கட்டும். இறைச்சி முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்."

நாங்கள் அவளிடம் அதைக் கேட்டதேயில்லை. அன்றிரவே அப்பங்கிற்கான தொகையை ஊருக்கு, உம்மம்மாவின் கணக்கிற்கே, அனுப்பினோம்.