பனிமலையில் எழுந்த வினா

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் சுவிற்சர்லாந்தில் வாழ்கின்றார். சென்ற தை மாதத்தில் அவர் எழுதிய மடல் பல நாள் என் உறக்கத்தைக் கெடுத்தது. அதன் காரணத்தை இவ்விழா மலரிற் கூறுதல் தகும் எனக் கருதுகின்றேன்.

பனிக்காலத்தில் அந்நாட்டார் சிலர் சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டி, காவலுள்ள பாதைகளை விடுத்து, மலையின் புறச்சரிவுகளில் ஏறி இறங்குவர். ஆங்கு அஞ்சத்தக்கது பனிச்சரிவு. உறுதியற்ற பழைய படையொன்றின்மேற் புதுப்பனி படிந்திருப்பின், ஒருவரின் பாரமே அதனைப் பலகைபோற் பிளந்து வீழ்த்தப் போதும். 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளிலேயே இது பெரிதும் நிகழும். புதையுண்டவரைக் கால் மணி நேரத்துள் மீட்காவிடின், பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குன்றும்.

தாவோஸ் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையம் பனிக்காலத்தில் நாள்தோறும் அபாயத்தை 1 முதல் 5 வரை அளவிட்டு அறிவிக்கின்றது. ஐந்தாம் நிலையிலன்று, நடுவணதாகிய மூன்றாம் நிலையிலேயே மிகுதியானோர் மாள்கின்றனர். ஐந்தைக் கண்டோர் வீட்டிலிருப்பர். மூன்றைக் கண்டோர் பாதகமில்லை எனப் புறப்படுவர்.

அன்றும் மூன்றாம் நிலையே. அறுவர் சென்றனர். முன்சென்றவர் இருபதாண்டுப் பழக்கமுடையவர். நம் மாணவரோ யாவரினும் அனுபவங் குறைந்தவர். ஓரிடத்திற் காலடிப் பனி 'தொம்' என்னும் ஓசையுடன் அமிழ்ந்தது. உள்ளிருக்கும் நலிந்த படை இடிந்ததன் அறிகுறி அது. யாவரும் கேட்டனர், ஒருவரும் பேசவில்லை. வல்லவர் முன்செல்லப் பின்வருவோர் ஐயத்தை விழுங்குதல் இயல்பு. 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே, தேர்ந்த சறுக்கு வீரர் பலர் கூடிச் சென்றபோது மூவர் பனிச்சரிவில் மாண்டனர். அக்கூட்டத்தில் ஐயுற்றோர் சிலர் இருந்தும் வாய் திறந்திலர் என்பது பின்னர் வெளிவந்தது.

நம் மாணவர், "திரும்பலாமா?" என்றார். முன்சென்றவர் சாய்வை ஒருகால் நோக்கித் தலையசைத்துத் திரும்பினார். அம்மலை அன்று சரியவில்லை, மறுநாளும் சரியவில்லை.

"ஐயா, பிறர் மகிழ்ச்சியைக் கெடுத்தேனோ என நாணுகின்றேன். வகுப்பில் இடையே வினாவியதற்காகத் தாங்கள் ஒருநாள் என்னை நிற்க வைத்தீர்கள். அந்த நாணமே அன்றும் வந்தது" என எழுதியிருந்தார்.

அந்நாள் எனக்கு நினைவில்லை, அவருக்கு இருக்கின்றது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த அதிகாரங்களை ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன். அறிந்ததை உரிய வேளையில் உரைக்கும் துணிவைக் கற்பித்திலேன். பணிவென்று எண்ணி மௌனத்தைப் பழக்கினேன் போலும்.

"தம்பி, மலை சரியாமை நீர் தவறினீர் என்பதற்குச் சான்றன்று. உம்மை நிற்க வைத்ததே தவறு" என மறுமொழி எழுதினேன்.

இப்போது பாடமுடிவில் வினாவுக்கெனச் சிறிது நேரம் ஒதுக்குகின்றேன். முதல் வாரம் ஒருவரும் எழவில்லை. இரண்டாம் வாரம் கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, யான் கரும்பலகையில் எழுதிய சொல்லொன்றிற் பிழையுண்டு என்றான். நோக்கினேன், பிழைதான். நம் கல்லூரி இன்னும் பல விழாக்களைக் காணும் வேளையில், அதன் வகுப்பறைகளில் அச்சிறுவன் போன்றோர் குரல் பெருகுக!