நகராத எண்ணெய்

யூகலிப்டஸ் தைலம் துணியில் பட்டால் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். தேங்காயெண்ணெய் பட்டால் சலவைக்குப் பிறகும் கறை நிற்கும். இப்படி ஆவியாகாமல் தங்கிவிடும் எண்ணெய்களை நிலை எண்ணெய் என்கிறார்கள். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் இந்த வகைதான்.

ஆச்சியின் நம்பிக்கையும் அப்படித்தான், லேசில் போகாது. சர்க்கரை நோயாளி, காலில் புண். டாக்டர் தந்த ஆன்டிபயாடிக்கை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு, "எண்ணெய் போட்டா ஆறிரும்யா" என்றாள்.

அப்போது நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பரப்பிய அகார் தட்டில் இரண்டு வட்டக் காகிதங்கள் வைத்தோம். ஒன்றில் ஆன்டிபயாடிக், இன்னொன்றில் தேங்காயெண்ணெய். மறுநாள் முதலாவதைச் சுற்றித் தெளிவான வளையம். எண்ணெயைச் சுற்றி ஒன்றுமில்லை. "ஆச்சி தோத்துட்டாங்க மாப்ள" என்றான் நண்பன்.

அந்தத் தீர்ப்பு அவசரமானது. அகாரில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் அதற்குள் நகரவே முடியாது. அதோடு, தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதியான லாரிக் அமிலம் கிளிசராலோடு பிணைந்து கிடக்கிறது. லிப்பேஸ் நொதி பிரித்துவிட்டால்தான் லாரிக் அமிலமும் மோனோலாரினும் வெளிவந்து பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும். அதுவும் ஸ்டஃபைலோகாக்கஸிடம் பலிக்கும். வெளிச்சவ்வு போர்த்திய சூடோமோனாஸிடம் பெரிதாகப் பலிக்காது. சர்க்கரைப் புண்ணில் இரண்டுமே குடியிருக்கலாம்.

இதையெல்லாம் கேட்ட ஆச்சி, "அப்ப ரெண்டையும் சேத்தா?" என்றாள்.

சரியான கேள்வி. ஆய்வகத்தில் இதற்குச் சதுரங்கப் பலகை போன்ற ஒரு முறை உண்டு. குழிகளில் இரண்டு பொருள்களையும் வெவ்வேறு அளவில் கலந்து, தனித்தனியாக வேண்டிய அளவில் எத்தனை பங்கு இப்போது போதுகிறது என்று கணக்கிட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 0.5-ஐத் தாண்டாவிட்டால் இரண்டும் கூட்டாளிகள். 4-ஐத் தாண்டினால் எதிரிகள். இடையில் இருந்தால், அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறார்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், என்டரோகாக்கஸ் கிருமி வான்கோமைசினுக்கு எதிர்ப்பைத் தூண்டிக்கொள்வதையே மோனோலாரின் தடுத்தது.

ஆனால் அது குழிக்குள் நடந்தது. ரத்த ஓட்டம் குறைந்த, உணர்வு மரத்த ஒரு பாதத்தில் அதே கூட்டணி நடக்கும் என்று எந்தக் கூட்டுத்தொகையும் சொல்லாது. "வறண்ட குதிகாலுக்கு எண்ணெய் தடவு ஆச்சி. புண்ணை டாக்டர்கிட்ட விடு. மாத்திரையை மட்டும் பாதியில நிறுத்தாத" என்றேன்.

மறுபடி டாக்டரிடம் போனோம், மறுபடி முதலிலிருந்து மாத்திரை. புண் ஆற மாதங்கள் ஆயின. பாட்டி வைத்தியம் என்று கொண்டாடுகிறவர்களும், மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவர்களும் ஆச்சி கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.