காலாண்டு விடுமுறையும் முன்வரிசை இருக்கையும்

2025 செப்டம்பர் 22, திங்கள்

விமானத்தின் முன்வரிசை இருக்கைக்கு இன்று முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. நேற்று வரை 12 சதவீதமாக இருந்தது. செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் முடிவு இது. எகானமி டிக்கெட்டுக்குப் பழைய 5 சதவீதமே தொடர்கிறது. பிசினஸ் கிளாஸ் மட்டுமல்ல, பிரீமியம் எகானமியும் 18 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. சற்றுக் கால் நீட்ட இடம் வேண்டும் என்று நடுத்தரக் குடும்பம் யோசித்துக் கேட்கும் இருக்கை அதுதான். வரி உயர்வு அங்கேதான் அதிகம் உறைக்கும்.

ஒரு பிசினஸ் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு வரி 2,400, இப்போது 3,600. நான்கு பேர் போய்வர எட்டு டிக்கெட். வரி உயர்வு மட்டும் 9,600 ரூபாய். அதே வழியில் எகானமி அடிப்படைக் கட்டணம் 6,000 என்றால் வரி 300 ரூபாயோடு முடிந்தது.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் வட்டாரத்துக் குடும்பங்கள் ஊர் போகத் திட்டமிடும் வாரம் இது. பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு முடிந்து 27 முதல் விடுமுறை. அக்டோபர் 1 ஆயுத பூஜை. 2ஆம் தேதி விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒன்றாக வருகின்றன. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மேலும் ஐந்து பண்டிகை நாட்களுக்கும் தொழிற்சாலைகள் விடுமுறை தரவேண்டும். பிள்ளைகளின் விடுமுறையும் ஆலையின் விடுமுறையும் ஒத்துவரும் வாரங்கள் ஆண்டில் சிலவே. எல்லாக் குடும்பங்களும் அந்த வாரத்தையே குறிவைப்பதால் கட்டணமும் அப்போதுதான் ஏறுகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

உள்நாட்டு விமானத்தில் முதல் வகுப்பு என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் பிசினஸ் கிளாஸைத்தான். முழு நீளத்துக்குப் படுக்கையாக விரியும் இருக்கையும் தனி அறையும் நீண்ட தூர வெளிநாட்டு விமானங்களுக்கு உரியவை. உள்நாட்டு வழிகளில் பறப்பவை பெரும்பாலும் ஒற்றை நடைபாதை கொண்ட ஏ320, ஏ321, போயிங் 737 வகைகள். அவற்றில் முன்பக்கம் இரண்டு மூன்று வரிசைகள் மட்டும் அகலமாக இருக்கும். நடுவில் ஒரு திரை.

அந்த முன்வரிசையை விற்ற நிறுவனங்கள் பல இப்போது இல்லை. 2005இல் தொடங்கிய கிங்ஃபிஷர் தன் உள்நாட்டு பிசினஸ் வகுப்புக்கே ஃபர்ஸ்ட் என்று பெயரிட்டிருந்தது. 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதே வாரத்தில், நவம்பர் 14 அன்று, 2006 முதல் ஒரே வகுப்போடு பறந்துவந்த இண்டிகோ, டெல்லி–மும்பை வழியில் ஸ்ட்ரெச் என்ற முன்வரிசையைத் தொடங்கியது. ஏ321 நியோ விமானத்தில் பக்கத்துக்கு இரண்டாக 12 இருக்கைகள். தொடக்கக் கட்டணம் 18,018 ரூபாய். பின்னர் சென்னை வழியும் அதில் சேர்ந்தது. ஏர் இந்தியாவின் மூன்று வகுப்பு ஏ320 நியோவில் பிசினஸ் 8, பிரீமியம் எகானமி 24, எகானமி 132 என மொத்தம் 164 இருக்கைகள்.

ஒரகடத்துக் குடும்பம் போக நினைக்கும் ஊர்களில் பாதிக்கு இந்தப் பேச்சே எழாது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் பறப்பது இறக்கையில் விசிறி சுழலும் ஏ.டி.ஆர். 72 விமானம். அதில் இண்டிகோ வைத்திருப்பது 78 இருக்கைகள். எல்லாம் ஒரே வகுப்பு. பெங்களூருக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்தே நெடுஞ்சாலை இருக்கிறது. ஆகவே முன்வரிசையா பின்வரிசையா என்ற கேள்விக்குப் பொருள் இருப்பது டெல்லி, மும்பை, கொல்கத்தா போன்ற தொலைவுகளில்தான். சென்னை–டெல்லி பறக்க மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதே தூரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 33 மணி நேரம்.

செப்டம்பர் 24, புதன்

விடுமுறைப் பயணச் செலவை நிறுவனம் தருகிறதா என்பதில்தான் இந்தத் தொழில்வட்டாரத்தின் படிநிலை தெளிவாகத் தெரிகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டில் சம்பளத்துடன் விடுப்பு தரச் சொல்கிறது. விடுப்பு எடுத்துப் போகும் பயணத்துக்குப் பணம் தரச் சொல்லவில்லை. எல்.டி.ஏ. எனப்படும் விடுப்புப் பயணப்படி நிறுவனத்தின் விருப்பம், ஊதிய ஒப்பந்தத்தின் விளைவு. நிரந்தரத் தொழிலாளருக்கும் அதிகாரிக்கும் அது சம்பளச் சீட்டில் இருக்கலாம். பக்கத்திலேயே அதே வேலையைச் செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் டிரெய்னிக்கும் பெரும்பாலும் இல்லை. 1998இல் ஹூண்டாய் கார்களும், 2010இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளும் இந்த மண்ணுக்கு வந்தன. உற்பத்தி வளர்ந்த வேகத்தில் இந்த உரிமை வளரவில்லை. அது வளர்ந்திருக்க வேண்டும்.

எல்.டி.ஏ. வாங்குபவருக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(5) பிரிவு வரிவிலக்கு தருகிறது. நான்கு காலண்டர் ஆண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பில் இரண்டு பயணங்களுக்கு விலக்கு உண்டு. இப்போதைய தொகுப்பு 2022 முதல் 2025 வரை. பயணம் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர், உடன்பிறந்தோர் குடும்பத்தில் அடங்குவர். 1998 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தவர்களில் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே விலக்கு. இரண்டாவது பிரசவத்தில் இரட்டையர் பிறந்தால் தடையில்லை. போக்குவரத்துக் கட்டணம் மட்டும் கணக்கில் வரும். விடுதி, சாப்பாடு, ஊருக்குள் எடுத்த வண்டி எதுவும் வராது.

விமானத்தில் சென்றால், குறுகிய வழியில் தேசிய விமான நிறுவனத்தின் எகானமி கட்டணம் வரைதான் விலக்கு என்கிறது வருமான வரி விதிகளின் 2பி விதி. பிசினஸ் டிக்கெட் வாங்கினால் எகானமி அளவுக்கு மேலான தொகைக்கு வரி உண்டு. ஏர் இந்தியா 2022 ஜனவரி 27 அன்று டாடா குழுமத்தின் கைக்குப் போன பிறகும் விதியின் வாசகம் அப்படியே நிற்கிறது. ரயில் போகும் ஊருக்கு விமானம் அல்லாத வழியில் சென்றால் அதே விதி குளிர்சாதன முதல் வகுப்பு ரயில் கட்டணம் வரை ஒப்புக்கொள்கிறது. ரயிலில் முதல் வகுப்பு, விமானத்தில் எகானமி: குடும்பப் பயணத்துக்கு நியாயமான வசதி எது என்று அரசு வரைந்த எல்லை இது. மோசமான எல்லை என்று சொல்ல முடியாது.

புதிய வரிமுறையில் இந்த விலக்கு கிடையாது. 2023–24 நிதியாண்டு முதல் தானாகப் பொருந்துவது புதிய முறையே. 2025–26இல் அதில் சம்பளக்காரரின் 12.75 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி இல்லை என்பதால், இந்த வட்டாரத்தின் நிரந்தரத் தொழிலாளர் பலருக்கு இந்த விலக்கே தேவைப்படாது. பழைய முறையைத் தேர்ந்துகொண்ட மேல்நிலைச் சம்பளக்காரருக்குத்தான் இது பயன்படும்.

செப்டம்பர் 25, வியாழன்

முன்வரிசை ஒரு குடும்பத்துக்கு என்ன தருகிறது என்பதை இருக்கையிலிருந்தே தொடங்க வேண்டும். இண்டிகோ ஸ்ட்ரெச்சில் ஓர் இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே 38 அங்குலம். எகானமியில் அது ஏறத்தாழ 30. இந்த எட்டு அங்குலம் பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிதில்லை. அதன் கால் தரையைத் தொட்டாலே அதிகம். முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு அது பெரிய வேறுபாடு. கால் மடக்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இறங்கும்போது எழ முடியாமல் தவிப்பவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அசெம்பிளி லைனில் இருபது ஆண்டு நின்று வேலை செய்தவரின் இடுப்புக்கும் இது பொருந்தும்.

அமரும் முறையும் மாறுகிறது. எகானமியில் பக்கத்துக்கு மூன்று இருக்கை என்பதால் ஒரு குழந்தையை நடுவில் வைத்துப் பெற்றோர் இருபுறமும் அமரலாம். முன்வரிசையில் பக்கத்துக்கு இரண்டே. நான்கு பேர் குடும்பம் நடைபாதைக்கு இருபுறமும் இரண்டிரண்டாகப் பிரியும். எட்டு இருக்கை உள்ள பிரிவில் பாதியை அவர்களே நிரப்பிவிடுவார்கள். மற்ற நால்வரில் சிலர் தூங்க நினைத்துப் பணம் கட்டியவர்களாக இருப்பார்கள். கைக்குழந்தையோடு போகும் பெற்றோருக்கு அங்கே ஒருவிதத் தயக்கம் வருவது இயல்பு. இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை பெரும்பாலும் மடியில்தான் பயணிக்கும்; கைக்குழந்தைக் கட்டணத்தில் எந்த வகுப்பானாலும் தனி இருக்கை இல்லை.

பெரியவர்களை முன்னேயும் பிள்ளைகளைப் பின்னேயும் உட்கார வைக்கும் யோசனை பலருக்கு வரும். பெற்றோர் முன்னேயும் பிள்ளைகள் பின்னேயும் என்றால் அது சரிப்படாது. 12 வயது வரையுள்ள பிள்ளைகளை ஒரே பி.என்.ஆரில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவர் பக்கத்திலாவது அமர்த்த வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதன் நோக்கம் நல்லது. குடும்பமே அதைக் குலைக்கக் கூடாது. பாட்டியும் தாத்தாவும் முன்னே, பெற்றோரும் பிள்ளைகளும் பின்னே என்பது அந்த நோக்கத்துக்கு முரணில்லை. இரண்டு வெவ்வேறு வகுப்பு என்றால் பெரும்பாலும் இரண்டு பி.என்.ஆர். எடுக்க வேண்டிவரும். விமானம் ரத்தானால் இரண்டையும் ஒரே மாற்று விமானத்துக்கு மாற்றும்படி கவுண்டரில் கேட்டு வாங்க வேண்டும்; தானாக நடக்காது.

சாப்பாடு, தனிக் கவுண்டர், ஓய்வறை, பெட்டி முதலில் வருவது ஆகியவை மற்ற வசதிகள். ஓய்வறைக்குச் சில வங்கி அட்டைகளே வழிவிடுகின்றன. சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டிப் பதிவுசெய்தால் எகானமிப் பயணிக்கும் கிடைக்கிறது. அதற்காக யாரும் வகுப்பு உயர்த்தத் தேவையில்லை. எகானமியில் வழக்கமான 15 கிலோவைவிட முன்வரிசையில் கூடுதல் எடை அனுமதி. டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டரும் போர்வையும் கட்டும் டிசம்பர் பயணத்தில் அது உதவும். செப்டம்பரில் அவ்வளவு தேவைப்படாது.

விலை கொடுத்து வாங்கிய முன்வரிசை இருக்கை கடைசி நேரத்தில் இல்லை என்று சொல்லிப் பின்னே அனுப்பினால், உள்நாட்டுப் பயணத்தில் வரி உள்பட டிக்கெட் தொகையில் 75 சதவீதத்தை நிறுவனம் திருப்பித் தர வேண்டும். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள விதி. பலர் இதைக் கேட்காமல் ஒரு மன்னிப்போடு போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்பது உரிமை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஒரகடத்திலிருந்து மீனம்பாக்கம் போக வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பை வழி தாம்பரம் பக்கம் வர வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். தூரம் குறைவு, நேரம்தான் கணிக்க முடியாதது. கார் ஏற்றிய டிரெய்லர்களும் கன்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்களும் ஒரே சாலையில் சேர்கின்றன. டிக்கெட்டின் வகுப்பு இங்கே ஒரு நிமிடமும் மிச்சப்படுத்தாது. காலை ஷிப்ட் பஸ்கள் கிளம்புமுன் வீட்டை விட்டுப் புறப்படுவதே பலன் தரும்.

இந்த வட்டாரத்துக்கு மேற்கே பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் 2025 ஏப்ரலில் வந்தது. அந்தத் திட்டத்துக்கான நிலத்தில் அடங்கும் ஏகனாபுரம் மக்கள் தங்கள் வயலையும் ஏரியையும் வீட்டையும் காக்க அறிவிப்பு வந்த நாள் முதல் போராடுகிறார்கள். தொழில்வட்டாரத்தின் பயணியும் ஏகனாபுரத்து விவசாயியும் ஒரே மாவட்டத்தார். ஒருவரின் வசதியைப் பற்றி எழுதும் இடத்தில் மற்றவரின் இழப்பையும் எழுதாமல் விட முடியாது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆலைகளில் இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை; வாசலில் பூசணிக்காய். கம்பெனி பஸ்களின் முகப்பில் வாழைக்கன்று. ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பலர் துர்கா பூஜைக்கு ஊர் போக ரயிலையே நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு விடுமுறைப் பயணம் என்றால் குடும்பத்தைக் கூட்டிப்போவதல்ல, குடும்பத்தைப் பார்க்கப் போவது.

அக்டோபர் 5, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. திரும்பி வந்த குடும்பம் போர்டிங் பாஸ்களையும் டிக்கெட் ரசீதுகளையும் எச்.ஆர். பிரிவுக்காக எடுத்துவைக்க வேண்டும். பிசினஸ் டிக்கெட் வாங்கியவர், பயண நாளின் எகானமிக் கட்டணம் எவ்வளவு என்பதற்கு ஓர் அத்தாட்சியும் சேர்த்து வைத்தால் விலக்குத் தொகையைக் கணக்கிடச் சிக்கல் வராது.

ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் உள்நாட்டுப் பறத்தலுக்கு நால்வரும் முன்வரிசையில் போவது வீண்செலவு. அந்தப் பணத்தில் இன்னொரு விடுமுறையே போய்வரலாம். மூன்று மணி நேர வழி, வீட்டில் மூட்டுவலிக்காரரோ அறுவை சிகிச்சை முடிந்தவரோ இருக்கிறார் என்றால், அவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் இரண்டு முன்வரிசை இருக்கை வாங்குவது நியாயமான செலவு. மற்றவர்கள் பின்னே மூவராக அமர்ந்து கதை பேசிக்கொண்டே போகலாம்.

2022–25 தொகுப்பு டிசம்பர் 31 அன்று முடிகிறது. பழைய வரிமுறையில் இருந்து இரண்டு பயணங்களையும் கோராதவர்கள், விட்டுப்போன ஒரு பயணத்தை 2026ஆம் காலண்டர் ஆண்டுக்குள் போய்வந்தும் கோரலாம். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போக அந்த ஓராண்டு அவகாசம் இருக்கிறது, தவறவிட வேண்டாம்.