உளவியல் பட்டமும் நம் பிள்ளைகளும்

எங்கள் மகள் உளவியல் பயில விரும்பினாள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம். அங்கே 1997-இல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை உண்டு. ஆயினும் அருகாமை ஒன்றே அளவுகோல் ஆகாது.

தபால் வழியே படிக்கலாமே என்றனர் உறவினர். உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தலாகாது என்று 2025-ஆம் கல்வியாண்டு முதல் பல்கலைக்கழக மானியக் குழு தடுத்துள்ளது. நன்றே! மனிதரை அறியும் கல்வி மனிதர் நடுவிலன்றோ கைவரும்?

ஆகவே ஒவ்வொரு கல்லூரியிலும் மூன்று வினாக்கள் கேட்டோம். சோதனைக்கூடம் உண்டா? புள்ளியியல் முறையாகக் கற்பிக்கப்படுகிறதா? மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஆசிரியர் மேற்பார்வையில் களப்பயிற்சி உண்டா? இவை இல்லையேல் கட்டடமும் விளம்பரமும் வீண்.

மற்றொன்றும் பெற்றோர் அறிதல் வேண்டும். பொதுவான மூன்றாண்டு உளவியல் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடாது. மேற்படிப்பும், மேற்பார்வையுடன் கூடிய நெடிய பயிற்சியும் தேவை. இதனை முதல் நாளிலேயே ஒளிக்காமல் உரைக்கும் கல்லூரியே நம்பத்தக்கது. மூன்றாண்டுச் செலவை மட்டும் கணக்கிட்டு இறங்கும் குடும்பம் பாதி வழியில் தவிக்கும்.

இக்கல்வி விசுவாசத்தைக் குலைக்குமோ என அஞ்சுவோரும் நம்மிடையே உளர். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், மேய்ப்புப்பணிக்கு உளவியலின் முடிவுகளையும் பயன்படுத்துமாறு பணித்தது. துன்புறுவோர் அருகே அமர்ந்து பொறுமையோடு செவிகொடுக்கப் பழக்கும் படிப்பு, அன்புப் பணிக்கு அணியே. அத்தகைய படிப்பைத் தேர்ந்து தருவது பெற்றோர் கடன்.