தண்டவாளம் போன பாதை

நியூசிலாந்தின் தென்தீவில், மலைகளுக்கு நடுவே, 'ஒடாகோ மத்திய ரயில் தடம்' என்றொரு சரளைப் பாதை உண்டு. மிடில்மார்ச்சுக்கும் கிளைடுக்கும் இடையே 152 கிலோமீட்டர். 1990இல் ரயில் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து, 2000இல் மிதிவண்டிக்கும் நடைக்குமென முழுவதும் திறந்துவிட்டார்கள். மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை.

மலை என்றதும் நாங்கள் அஞ்சியது ஏற்றத்துக்குத்தான். ஆனால் நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற இயலாது. அதற்காக அன்று மலையைச் சுற்றி வளைத்து வெட்டிய மென்சரிவு, இன்று நாற்பதைக் கடந்த எங்கள் முழங்கால்களுக்கும் இசைந்தது. பூல்பர்ன் பள்ளத்தாக்கில் விளக்கில்லாத இரு சுரங்கங்கள். கைவிளக்கோடு வண்டிகளைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். அடுத்து, கற்றூண்கள் தாங்கும் 37 மீட்டர் உயரப் பாலம்.

எங்கள் அக்கா, ஊரில் ஒரு லாரி உரசிப்போன நாள் முதல் 12 ஆண்டுகள் மிதிவண்டியைத் தொடாதவர். இங்கே ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் எங்களுக்கு முன்னால் சென்றுகொண்டிருந்தார். சக்கரத்தடியில் சரளை நெரியும் ஓசை மட்டுமே கேட்டது.

ரயிலை இழந்த சிற்றூர்கள், மிதிவண்டியில் வருவோருக்கு உணவும் படுக்கையும் தந்து மீண்டிருக்கின்றன. ஊர் திரும்பியபின் அக்கா மிதிவண்டி வாங்கவில்லை. வாங்கினால் ஓட்டுவதற்கு அப்படியொரு பாதை வேண்டுமே!