எழுபதாயிரம் அடிக்குக் கீழே

உளவு விமானங்களின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு என்பதைப் பலர் அறியார். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், ஒடிசாவில் கட்டாக் நகருக்கு அருகிலுள்ள சார்பாட்டியா தளத்திலிருந்து, 1964 மே மாதத்தில் அமெரிக்காவின் யு-2 விமானம் சீன எல்லையை நோக்கிப் பறந்தது. இச்செய்தி ஆவணமாக மக்கள் முன் வந்ததோ 2013-இல்தான்.

இரகசியத்திற்கு வயதானால் அது பொழுதுபோக்காகிவிடும் போலும்! பூட்டி வைக்கப்பட்டிருந்த விமானிகளின் கையேடுகள் சில பின்னாளில் வெளியாயின. அவற்றைப் படித்து, அவ்விமானங்களை வீட்டுக் கணினியில் மீண்டும் பறக்கவிடுவோர் உலகெங்கும் உளர். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலும் அத்தகைய இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். வலை இழுத்த கையோடு வந்து, ஃபிளைட்கியர் என்னும் இலவச மென்பொருளின் முன் அமர்வார்.

இதை விளையாட்டு என்று எளிதில் தள்ளிவிட இயலாது. எழுபதாயிரம் அடி உயரத்தில் காற்று மிக மெலிந்தது. அங்கே யு-2 சற்றே வேகம் குறைந்தால் மிதக்கும் ஆற்றலை இழந்து விழும்; சற்றே மிகுந்தாலோ உடல் அதிர்ந்து சிதறும். இரண்டிற்கும் இடையே சில வேளைகளில் மணிக்குப் பத்துக் கடல் மைல் வேறுபாடே எஞ்சும். விமானிகள் இந்நிலைக்குச் ‘சவப்பெட்டி மூலை’ எனப் பெயரிட்டனர். தன்னந்தனியராய், அழுத்த உடைக்குள் அடைபட்டு, எட்டு ஒன்பது மணி நேரம் இந்த இழைமேல் நடந்தவர்கள் அவர்கள்.

தரையிறங்குதல் அதனினும் கடினம். ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த இரு சக்கரத் தொகுதிகளே ஆதாரம். விமானிக்குத் தரை சரியாகத் தெரியாது. ஆகவே மற்றொரு விமானி காரில் பின்தொடர்ந்து விரைந்து, இன்னும் இத்தனை அடி என்று வானொலியில் சொல்லிக்கொண்டே வருவார். குப்பத்து வீட்டில் அந்தப் பொறுப்பு தம்பிக்கு. “பத்து... ஐந்து... இரண்டு” என்று அவன் சொல்ல, அண்ணன் இறக்குகிறார். அலை புரளும் முகத்துவாரத்தில், அணியத்தில் நிற்பவர் வழி சொல்ல, பின்னே இருப்பவர் படகைத் திருப்புவதும் இப்படித்தானே?

ஆனால், வேவு பார்க்கப் பிறந்த விமானம் இங்கே எதைப் பார்க்கிறது? மெய்யான யு-2வின் கருவி, அவ்வுயரத்திலிருந்து ஓரிரு அடி அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்ட வல்லது. நம் படகுகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கும். கணினித் திரையிலோ படகு இல்லை, குப்பம் இல்லை. அதில் தெரியும் மேடு பள்ளங்களும் மேலிருந்து அளந்தவையே. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் சுற்றி, ரேடார் கொண்டு உலக நிலப்பரப்பில் பெரும்பகுதியை அளந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வரைபட முகமையும் அதில் பங்கேற்றது. கரையோரம் ஏதோ ஒரு நாளைய வரைபடத்தில் உறைந்து நிற்கிறது.

ஒருநாள் நாம் அங்கிருந்தபோது, சென்னையிலிருந்து எழும்பிய யு-2 ஏரிக்கு மேல் வந்தது. தந்தையார் வலை பின்னுவதை நிறுத்தி, திரையருகே குனிந்தார்.

“முகத்துவாரம் எங்கேடா?”

மகன் சுட்டிக் காட்டினார்.

“அது பழைய இடம். மணல் மூடி எத்தனை வருஷமாச்சு! இப்போ எங்கே ஆழம்னு இதுக்குத் தெரியாதா, சாமி?” என்று நம்மைக் கேட்டார் அவர்.