ஓர் ஆண்டு, ஒரு கடல்

டிசம்பர் கடைசி வாரத்தில், வரப்போகும் ஆண்டில் என்ன படிப்பது என்று முடிவு செய்துவிடுவேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்குவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும். அரங்குக்குள் நுழைந்த பிறகு யோசித்தால் கண்ணில் பட்டதெல்லாம் பைக்குள் போய்விடும். பல ஆண்டுகளாக விடாமல் வைத்திருக்கும் வழக்கம் இது. உலக இலக்கியம் படிக்க ஆசைப்பட்டு யோசனை கேட்கும் நண்பர்களிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: இந்த ஆண்டு எத்தனை புத்தகம் என்று குறிக்காதீர்கள், எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று குறியுங்கள்.

எண்ணிக்கையை இலக்காக வைத்தவருக்கு நவம்பர் வந்ததும் கை தானாக ஒல்லியான புத்தகத்தை நோக்கிப் போகும். கெய்ரோவின் ஒரு வியாபாரி குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடரும் நகிப் மஹ்ஃபூஸின் மூன்று நாவல்களை (1956–57) அந்த அவசரத்தில் யார் தொடுவார்கள்? இலக்கு என்பது நம்மைப் பெரிய புத்தகத்திடம் கொண்டுபோய் விட வேண்டும். அதிலிருந்து தப்பிக்க வழி சொல்லிக்கொடுக்கக் கூடாது.

நாட்டுக்கு ஒரு புத்தகம் என்பது இன்னொரு முறை. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஆன் மோர்கன் 2012ஆம் ஆண்டு முழுவதும் அப்படிப் படித்தார்; 196 நாடுகள். சாவோ தோமே பிரின்சிபே என்ற சின்னத் தீவு நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் எதுவும் கிடைக்காதபோது, தன்னார்வலர்கள் சிலர் கூடி ஓலிந்தா பெஜாவின் கதைகளைப் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து அவருக்காகவே பெயர்த்துக் கொடுத்தார்கள். அந்த முயற்சியின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எந்தெந்த நாடுகளின் எழுத்து நம் கைக்கு வந்துசேருவதே இல்லை என்பதை அது பட்டவர்த்தனமாகக் காட்டியது. ஆனாலும் என் வழி அது அல்ல. ஒரு நாட்டை ஒரே புத்தகத்தோடு தாண்டிப்போக எனக்கு மனம் வருவதில்லை.

நைஜீரியாவை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் சினுவா அச்செபெயின் முதல் நாவலோடு (1958) நிறுத்திக்கொள்வார்கள். தமிழில் என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று பெயர்த்திருக்கிறார். மகத்தான நாவல், சந்தேகமில்லை. ஆனால் அதில் வருவது வெள்ளையர் நுழைந்த காலத்து இபோ கிராமம். அதே மக்கள் லாகோஸ் நகரத்துக்குப் பிழைக்கப் போனபோது என்ன ஆனார்கள் என்று அறிய புச்சி எமெச்செத்தா வேண்டும். 1979இல் வந்த அவரது நாவலில், கிராமத்திலிருந்து வரும் நு எகோ, வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைப்பவனுக்கு மனைவியாகிறாள். பிள்ளை பெறுவதையே பெருமையாகக் கருதி வளர்ந்தவளை அந்தப் பிள்ளைகளின் நகரம் எப்படிக் கைவிடுகிறது என்பதுதான் கதை. அச்செபெயின் நாயகன் ஒக்கொங்குவோவுக்கு வீட்டுக்குள் எத்தனை மௌனமான மனைவியர் இருந்தார்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் உறைக்கும். இதற்கு மேல் யொருபா நாட்டார் கதைகளிலிருந்து புறப்பட்டு வந்த அமோஸ் டுட்டுவோலா (1952), பியாஃப்ரா போரை எழுதிய சிமமந்தா அடிச்சி (2006). ஒரு பகுதிக்குப் போனால் கிராமம், நகரம், முந்தைய தலைமுறை, இன்றைய தலைமுறை எல்லாமே வேண்டும். பெண் எழுதியது கட்டாயம் வேண்டும்.

நாட்டெல்லையைவிடக் கடலும் ஆறும் மலைத்தொடரும் வாசிப்புக்கு நல்ல எல்லைகள் என்பது என் அனுபவம். நாட்டெல்லையை அரசுகள் போட்டன. கடலோரத்தில் சரக்கும் கடனும் மதமும் சமையலும் ஊர் ஊராகப் போயிருக்கின்றன. கதையும் அவற்றோடுதான் போயிருக்கிறது.

நான் வகுத்த ஆண்டுகளில் மனதுக்கு மிக நெருக்கமானது இந்தியப் பெருங்கடல் ஆண்டு. தொடக்கம் நம் வீட்டிலேயே இருந்தது: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). ஜப்பானியப் படை சுமத்ராவின் மேடான் நகருக்குள் வருவதில் தொடங்கும் நாவல். முன்பே படித்ததுதான். இந்த முறை வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, தெருப்பெயர், கப்பல் வழி, யார் யாரிடம் வேலை பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் குறித்தபடி படித்தேன். வட்டிக்கடையும் வியாபாரமுமாகத் தமிழர்கள் வாழ்ந்த அந்த ஊரில் டச்சுக்காரர்கள் ஆட்சி செய்திருக்கிறார்கள். அந்த ஆட்சியை அந்த மண்ணின் மக்கள் எப்படிப் பார்த்தார்கள்? அடுத்த புத்தகத்தை இந்தக் கேள்விதான் எடுத்துக்கொடுத்தது.

இந்தோனேசியாவின் பிரமோதியா அனந்த தூரை, சுகார்த்தோ அரசு விசாரணையே இல்லாமல் சிறைப்படுத்தியது. 1969 முதல் 1979 வரை புரு தீவில் வைத்திருந்தது. எழுதத் தாள் கிடைக்காத காலத்தில் அவர் கதையைச் சக கைதிகளுக்கு வாயாலேயே சொன்னார். பின்னால் நான்கு நாவல்களாக விரிந்த அதன் முதல் பகுதி 'பூமி மனுசியா' 1980இல் வந்தது; அடுத்த ஆண்டே தடையும் வந்தது. கதை 1898இல் சுரபாயா நகரில் நடக்கிறது. சனிக்கெம் என்ற சிறுமியை, சர்க்கரை ஆலையில் தனக்கு ஒரு பதவி கிடைக்கும் என்பதற்காக, பெற்ற அப்பாவே டச்சு மேலாளரிடம் விற்றுவிடுகிறார். அவள் அழுது ஓய்ந்த பிறகு அந்த டச்சுக்காரரிடமே அவர் மொழியும் கணக்கு வழக்கும் கற்று, ஒரு பெரிய பண்ணையைத் தனியாளாக நடத்தும் பெண்ணாகிறாள். கடைசியில் வெள்ளையர் நீதிமன்றம், அவள் பெற்ற மகள்மீது அவளுக்கு எந்த உரிமையும் இல்லை என்று சொல்கிறது. சிங்காரத்தின் மேடானில் பின்னணியில் நின்ற அந்த அதிகாரம் எப்படிப்பட்டது என்பது இந்த வழக்குப் பகுதியைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அங்கிருந்து கடலின் மேற்குக் கரைக்குப் போனேன். சான்சிபாரில் பிறந்து 2021இல் நோபல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னாவின் 'பாரடைஸ்' (1994). யூசுப்புக்குப் பன்னிரண்டு வயது. அப்பா பட்ட கடனுக்கு ஈடாக, வணிகர் அஸீஸோடு ரயிலேற்றி அனுப்பப்படுகிறான். அவரை மாமா என்றே பையன் நினைத்திருக்கிறான். போய்ச் சேர்ந்த கடையில், அதே மாதிரி கடனுக்கு விடப்பட்ட கலீல் என்ற மூத்த பையன் இருக்கிறான். அவர் உன் மாமா இல்லை என்று அவன்தான் சொல்கிறான். பகலெல்லாம் கடையில் வேலை, இரவில் கடைத் திண்ணையில் படுக்கை. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் அஸீஸின் அழகான தோட்டம். குர்னா குரலை உயர்த்துவதே இல்லை. பையனுக்குப் புரிகிற வேகத்தில்தான் நமக்கும் புரியவைக்கிறார்.

இங்கேதான் என் குறிப்பேட்டில் இரண்டு பக்கங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஜாவாவில் ஒரு தகப்பன் மகளைக் கொடுக்கிறான், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு தகப்பன் மகனைக் கொடுக்கிறான். காலம் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குபவன் இரண்டு இடத்திலும் கனிவாகவே பேசுகிறான். நடுவில் இருப்பது நம் ஊர். கடனுக்குப் பிள்ளையைப் பண்ணையாளாக விடுவது நம் கிராமங்கள் அறியாத செய்தி அல்ல. இரண்டு நாவல்களையும் வேறு வேறு ஆண்டுகளில் படித்திருந்தால் இந்தத் தொடர்பு எனக்குத் தட்டுப்பட்டிருக்காது. ஆண்டு இலக்கு என்ற ஒழுங்கை நான் இவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றுவது இதற்காகத்தான். இரண்டு எழுத்தாளர்களும் ஒருவரையொருவர் சந்திக்கும் இடத்தை வாசகன்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகு மீதிப் புத்தகங்களிலும் குழந்தைகளையே பார்க்க ஆரம்பித்தேன். மொசாம்பிக்கின் மியா கூட்டோ 1992இல் எழுதிய நாவலில், உள்நாட்டுப் போரில் எரிந்துபோன பேருந்துக்குள் ஒரு கிழவரும் ஒரு சிறுவனும் தங்கி, செத்துப்போன ஒருவனின் நோட்டுப் புத்தகங்களைப் படித்துக் காலம் தள்ளுகிறார்கள். அந்த நோட்டில் ஓர் இந்தியக் கடைக்காரர் வருகிறார், சுரேந்திரா. மொரீஷியஸின் நத்தாஷா அப்பானா 2007இல் எழுதிய 'கடைசிச் சகோதரன்' இன்னொன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து தப்பிப் பாலஸ்தீனத்துக்கு வந்த யூதர்கள் 1,500க்கும் மேற்பட்டோரை, பிரிட்டிஷார் 1940 டிசம்பரில் மொரீஷியஸுக்கு நாடு கடத்தி, போபாசின் சிறையில் போர் முடியும்வரை வைத்திருந்தார்கள். அந்தச் சிறைக் காவலாளி ஒருவரின் மகனான ராஜ், கம்பிக்கு அந்தப் பக்கம் டேவிட் என்ற பையனைக் கண்டு நட்பாகிறான். ராஜ் இந்திய வம்சாவளி. சொந்தச் சகோதரர்களை வெள்ளத்தில் பறிகொடுத்தவன். இந்த வரலாறு எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. நான் கடலைத் தேடிப் போனேன், கைமாறிய குழந்தைகளின் கதை கிடைத்தது. திட்டமே இல்லாமல் போயிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பும் இல்லை.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். தமிழில் இருந்தால் தமிழில்தான் முதலில் படிப்பேன். அயல் மண்ணின் துக்கத்தை நம் பேச்சில் கேட்கும்போது மனம் தள்ளி நிற்பதில்லை. நமக்கு இந்த வழியைப் போட்டுக்கொடுத்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். க.நா.சு. நார்வேயின் ஹாம்சனை 'நிலவளம்' என்றும், ஸ்வீடனின் செல்மா லாகர்லெவை 'மதகுரு' என்றும் கொண்டுவந்தார். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக காம்யுவின் 'அந்நியன்' தந்தார். ஜி. குப்புசாமி பாமுக்கின் இஸ்தான்புல்லை 'என் பெயர் சிவப்பு' வழியாகக் கொடுத்தார். தமிழில் இல்லாதவற்றுக்கு ஆங்கிலம். இரண்டு மொழி தாண்டி வந்த புத்தகம் என்று எதையும் ஒதுக்க வேண்டாம். அல்பேனியாவின் இஸ்மாயில் கதாரே எழுதிய 'கனவுகளின் அரண்மனை' (1981) பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான். குடிமக்கள் காணும் கனவுகளையெல்லாம் திரட்டி அலசும் அரசு அலுவலகம் ஒன்றைப் பற்றிய அந்த நாவல் அப்படியும் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது.

நடைமுறையில் சில பழக்கங்கள் எனக்கு உதவுகின்றன. ஆண்டின் முதல் புத்தகம் ஒல்லியாக இருக்கட்டும். மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போவதாக இருந்தால் செனகலின் மரியாமா பா எழுதிய சிறு நாவலில் (1979) தொடங்கலாம். கணவனை இழந்த ஒருத்தி இத்தா காலத்தில் வீட்டோடு இருந்து தோழிக்கு எழுதும் நீண்ட கடிதம் அது. தடித்த புத்தகத்தை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வைத்துக்கொள்வேன். பகுதிக்கு ஒரு வரலாற்று நூல் கூடவே இருக்கும். பெயர்கள் பிடிபடும்வரை எந்தப் புத்தகத்தையும் மூடிவைப்பதில்லை. அயல்நாட்டு நாவலில் முதல் சில அத்தியாயங்கள் பெயர்களாலேயே கடினமாகின்றன. 'தனிமையின் நூறு ஆண்டுக'ளில் தலைமுறைதோறும் அதே பெயர்கள் திரும்ப வரும்போது, வம்சாவளியை நானே பென்சிலால் போட்டுக்கொண்டேன். அப்படிப் போட்ட குடும்பம் மறப்பதில்லை. ஆண்டில் கால் பங்கு நேரத்தைத் திட்டமில்லாமல் காலியாக விடுவதும் அவசியம். படித்த புத்தகமே இன்னொன்றைக் கைகாட்டும். அதற்கு இடம் வேண்டும்.

வரும் ஆண்டுக்கு மத்திய ஆசியாவைக் குறித்திருக்கிறேன். அந்த நிலத்தை என் தலைமுறைக்கு அறிமுகம் செய்தவை மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக மலிவு விலைக்கு வந்த சோவியத் நூல்கள். கிர்கிஸ்தானின் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய 'ஜமீலா' (1958) அவற்றில் ஒன்று. ஊர் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, ஜமீலாவும் போரில் கால் ஊனமாகித் திரும்பிய தானியாரும் தானிய மூட்டைகளை வண்டியேற்றி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். விளையாட்டாக அவன் வண்டியில் ஏழு பூடு எடையுள்ள, நூறு கிலோவுக்கும் அதிகமான ஒரு மூட்டையை வைத்துவிடுகிறாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் அதை முதுகில் ஏற்றிக்கொண்டு, நொண்டும் காலோடு சாய்வுப் பலகையில் மேலே மேலே ஏறுகிறான். கீழே நிற்பவள் போட்டுவிடும்படி கத்துகிறாள். அவன் போடுவதில்லை. அந்தச் சில பக்கங்களில்தான் அவர்கள் காதலின் முழு எடையும் இருக்கிறது. அதை மறுபடி படித்துவிட்டு, ஐத்மாத்தவ் 1980இல் எழுதிய கஸாக் புல்வெளி நாவலுக்குப் போக வேண்டும். பிறகு உஸ்பெக் மொழியின் முன்னோடி நாவலாசிரியர் அப்துல்லா காதிரி. 1938இல் ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. ஐத்மாத்தவின் தந்தை கொல்லப்பட்டதும் அதே ஆண்டில்தான். இன்றைய குரலுக்கு, நாட்டைவிட்டு வெளியேறிய உஸ்பெக் எழுத்தாளர் ஹமீத் இஸ்மாயிலவின் 'ரயில்வே'.

பட்டியலில் அந்தப் பகுதிப் பெண் எழுத்தாளருக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது ஒரு நல்ல பெயர் சொன்னால், காதிரியைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் புத்தகத்தை முன்னால் கொண்டுவந்துவிடுவேன்.